தூரம் ஒரு பிரச்சினையே இல்லை

"தூரமா? அது ஒரு பிரச்சினையே இல்ல சார்," என்றாள் அவள். மேஜைக்கு அடியில் அவளுடைய வலது குதிகால் செருப்பை விட்டு வெளியே வந்து, புதுக் கொப்புளத்துக்குக் காற்று வாங்கிக்கொண்டிருந்தது.

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தின் முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளை ஆவலாகப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணக்கு அம்மாவின் முகம் சுருங்கியது.

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. வீடு சிட்டிக்கு நடுவுல. வேலை இந்தப் பொட்டல்ல. தினமும் வந்து போறது லேசா?"

"நீங்க ஒண்ணும் எடுத்துக் கொடுக்கக் கூடாது," என்று முதலாளி அவரைக் கையமர்த்தினார். "பொண்ணு வாயாலயே வரட்டும்."

எடுத்துக் கொடுப்பதாவது! காலை வாருகிறார் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

வேதியியல் படித்து முடித்து, வீட்டில் உட்கார்ந்து வெகுநாளாகிவிட்டது. இதற்கு முன் போன இடங்களில் எல்லாம் கூடி வந்த பிறகு, 'வீடு ரொம்பத் தூரம், பாதியில நின்னுடுவீங்க' என்று கையை விரித்துவிட்டார்கள். இதுவும் போனால் அண்ணன் கடையில் ரசீது போட வேண்டியதுதான். அண்ணி அதற்கு ஸ்டூல்கூடத் துடைத்து வைத்துவிட்டாள்.

காலையில் ரயிலில் வந்தது என்னவோ சுகம்தான். எதிரே போன ரயில்களில் ஜனம் புளிமூட்டையாக அடைந்து நகரத்துக்குப் போக, இவள் பெட்டியில் இவளும் ஒரு தூங்குமூஞ்சியும் மட்டும்.

இறங்கிய பிறகுதான் வினை. ஸ்டேஷன் வாசலில் நின்ற வேன், ஆள் நிறையாமல் கிளம்பாது. காலை நேரத்தில் அந்தப் பக்கம் போக ஆள் ஏது? "இன்னும் ஏழெட்டுப் பேர் வரட்டும், உடனே எடுத்துடலாம்," என்ற டிரைவர், சீட்டைச் சாய்த்துப் படுத்துவிட்டார்.

அவள் நடந்தாள். லாரிகள் பறக்கும் சாலை, ஒதுங்க ஒரு மரம் கிடையாது. கூடவே வந்த நாய் ஒன்று, பாதி வழியில் கட்டுப்படியாகாது என்று திரும்பிவிட்டது.

வந்து சேர்ந்தபோது, வரவேற்பறை முழுக்க அட்டைப்பெட்டிகள். திறந்திருந்த ஒன்றில், பழைய செய்தித்தாளில் சுற்றிய கண்ணாடிக் குடுவைகள். சாமான் வந்து இறங்கியிருக்கிறது, அப்படியானால் ஆளும் எடுப்பார்கள் என்று அவள் மனம் குளிர்ந்திருந்தது.

கணக்கு அம்மா விடுவதாக இல்லை. "மழை பெஞ்சா?"

"குடை இருக்கு மேடம்."

"வெயில் அடிச்சா?"

"அதே குடைதான் மேடம்."

முதலாளி தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"ஸ்டேஷன்ல இருந்து எப்படி வந்த? வேன் கிளம்புச்சா?" என்றார் கணக்கு அம்மா.

"நடந்தே வந்துட்டேன். நடந்தா உடம்புக்கு நல்லதுதானே மேடம்?"

மேஜைக்கு அடியில் அவள் காலில் நறுக்கென்று ஒரு மிதி விழுந்தது. சரியாகக் கொப்புளத்தின் மேல். கணக்கு அம்மாதான். மிதித்தது போதாதென்று கண்ணை வேறு உருட்டினார்.

இந்த வேலையை வேறு யாருக்கோ பேசி வைத்திருக்கிறார் போல என்று அவள் நினைத்தாள். நினைத்ததும் ரோஷம் வந்துவிட்டது. பொதுவாக நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள், நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"உண்மையைச் சொல்லட்டுமா சார்? எல்லாரும் சிட்டியைப் பார்த்து ஓடி, நசுங்கிச் சாகறாங்க. நான் எதிர்ப்பக்கமா ராணி மாதிரி உட்கார்ந்து வரேன். இறங்கினா நல்ல காத்து, அமைதியான ரோடு. சிட்டிக்குள்ளயே வேலை கொடுத்தாக்கூட எனக்கு வேண்டாம் சார்!"

முதலாளி எழுந்தே விட்டார். கதவை விரியத் திறந்து, "எல்லாரும் இங்க வாங்க," என்று கூப்பிட்டார். "அதை அப்படியே இன்னொரு தடவை சொல்லும்மா. கொஞ்சம் சத்தமா."

வேலை செய்கிறவர்கள் வாசலில் வந்து குழுமினார்கள். அவள் முதலிலிருந்து சொன்னாள். இந்த முறை சாலையோரத்துக் குருவிகளையும் சேர்த்துக்கொண்டாள்.

ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. கையில் குடுவையும் செய்தித்தாளுமாக நின்ற ஒருவர், அப்படியே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"கேட்டீங்கல்ல?" என்றார் முதலாளி. "இனிமே எவரும் தூரம்னு வாயைத் திறக்கக் கூடாது." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "வேலை உனக்குத்தாம்மா. திங்கட்கிழமை வந்துடு."

அவளுக்குக் கால் வலி போன இடம் தெரியவில்லை. தூரம் கிடக்கிறது, நல்ல செருப்பாக ஒன்று வாங்கினால் ஆயிற்று. கணக்கு அம்மாவை வெற்றியோடு ஒரு பார்வை பார்த்தாள். அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

முதலாளி உற்சாகமாகப் போனை எடுத்துக் காதில் வைத்தார்.

"லாரிக்காரரா? நாளைக்கு வர வேண்டாம்ப்பா, ஆபீஸ் சிட்டிக்கு மாறல!"