தொரட்டிபட்டித் தகராறு

"தொரட்டிபட்டியில மட்டும் வாயக் குடுத்துராதீரும். ரெண்டு வருஷமா வம்புபிடிச்ச ஊரு. மழ பேஞ்சா இன்னும் கூடுதல்" என்று டெப்போவில் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

புதுக் கண்டக்டர் மந்திரமூர்த்திக்கு முதல் நாளே விளங்கிவிட்டது. அடைமழை ஐப்பசி. வள்ளித்தாய் என்ற பெண் வெள்ளாட்டோடு படியில் ஏறி நின்றுகொண்டாள்.

"ஆட்ட ஏத்தக் கூடாதும்மா."

"ஏன், அது கோவில்பட்டி பாக்க வேண்டாமா?"

ஊரே கூடி ஆட்டுக்காகப் பேசியது. பத்து நிமிஷம் கழித்து, "சரி, போங்க" என்று அவளே இறங்கிக்கொண்டாள்.

மறுநாள் கோழிக்கூடை. அதற்கு மறுநாள் மறுபடி ஆடு. இப்படியும் ஒரு ஜனமா?

மந்திரமூர்த்தி தினமும் டிரிப் ஷீட்டில் எழுதினார்: 'தொரட்டிபட்டியில் தகராறு. பத்து நிமிடம் தாமதம்.'

நாலாம் நாள்தான் கவனித்தார். ஊர் வாய் அவரைத் திட்டிக்கொண்டிருந்தது; எல்லாருடைய கண்ணும் ஓடைப் பக்கமே இருந்தது.

அங்கிருந்து பள்ளிச் சீருடையில் ஒரு பெண் வந்தாள். செருப்பு கையில். கால் நிறையக் கரிசல் மண். அவள் ஏறியதும் வள்ளித்தாய் ஆட்டை இறக்கிவிட்டாள்.

"இந்தப் பிள்ளைக்காகவா இம்புட்டும்?"

"நம்ம பொன்மணி, அண்ணாச்சி" என்றாள் வள்ளித்தாய். "ஓடைக்கு அங்கன காட்டுக்குள்ள வீடு. பன்னெண்டாப்பு படிக்கா. கோழி கூப்பிடக் கிளம்புனாலும் இந்தச் சகதியில எட்டு வைக்க முடியுமா? இத விட்டா மத்தியானம்தான் பஸ்ஸு. ஒரு நா விட்டு ஒரு நா போனா, அவ அய்யா படிப்ப நிறுத்திருவாரு."

"நிக்கச் சொன்னா நிக்க மாட்டேனா?"

"முன்னால ஒரு கண்டக்டர் நின்னாரு. சும்மா நின்னதுக்கு மெமோ குடுத்துட்டாவ, பாவம். தகராறுன்னா உங்க மேல குத்தமில்லல்லா? கெட்ட பேரு ஊருக்குத்தான. இருந்துட்டுப் போகுது."

மந்திரமூர்த்தி விசில் ஊதினார்.

மறுநாளும் மழை. வள்ளித்தாய் காய்ச்சலில் படுத்துவிட்டாள். ஸ்டாப்பில் வெளியூர்க்காரர்கள் இரண்டே பேர் நின்றார்கள். வம்பு எதுவும் பண்ணாமல் ஏறி உட்கார்ந்தார்கள். தூரத்தில் ஓடைக்கரையில் பொன்மணி காலைப் பெயர்த்துப் பெயர்த்து வந்துகொண்டிருந்தாள்.

டிரைவர் ஹாரன் அடித்தார்.

மந்திரமூர்த்தி விசிலைப் பைக்குள் போட்டார். கீழே இறங்கி நின்று, "ஏம்மா, எத்தன தடவ சொல்லுதது? பஸ்ஸுல ஆட்ட ஏத்தக் கூடாது" என்று சத்தம் போட ஆரம்பித்தார்.

அங்கே ஆடே இல்லை.