முறை வைத்து அடி

"முரோய் சான், இருபது வருஷமா நம்ம ஹீரோ நிக்காம அடிச்சான். புது வீடியோ கேம்ல ஒரு அடி அடிச்சுட்டு, எதிரி திருப்பி அடிக்கற வரைக்கும் காத்திருக்கணும்."

இயக்குநர் இகராஷி குனிந்த தலை நிமிரவில்லை. ரசிகர்கள் ஏற்கெனவே திட்டித் தீர்த்துவிட்டார்கள். இவரும் கோபித்துக்கொண்டு போய்விட்டால் கேமே இல்லை.

"சண்டைக்கு க்யூவா?" என்றார் முரோய். "முறைக்கு ஒரே அடிதானா?"

"ஒண்ணே ஒண்ணுதான். மன்னிச்சிடுங்க."

"அப்பாடா! விலகிக்கறேன்னு சொல்லத்தான் வந்தேன்."

"ஐயோ, ஏன்?"

"டாக்டர் விடாம கத்தக் கூடாதுன்னுட்டார். ஹீரோ விட்ட ஒவ்வொரு குத்துக்கும் நாள் பூரா 'ஹா! ஹா!'ன்னு கத்தினது யாரு?"

ஹீரோவுக்குக் குரல் கொடுக்கும் முரோய், ஒலிப்பதிவு அறைக் கதவைத் திறந்தார்.

"எதிரி முறைக்கு வேற ஆள்தானே கத்தணும்? நான் வெந்நீர் குடிச்சுக்கறேன்."