முதல் பரிசு பெற்ற கூச்சல்

"யார் அந்த ஆளு? பேரைச் சொல்லு."

டீன் ஹெட்போனைக் கழற்றி மேசையில் எறிந்தார். எதிரே நின்ற ஒலிக்கலை மாணவி தரையைப் பார்த்தாள்.

நாளை ஆண்டுக் கண்காட்சி. பல்கலைக்கழகத்தில் டீனின் பொறுப்பில் இருந்த அறிவியல், கலைப் புலத்தில் ஓராண்டில் நடந்த ஆய்வுகளும் கலைப்படைப்புகளும் கீழே கூடத்தில் தயாராக இருந்தன. வெளியிலிருந்து வந்த நடுவர்கள் இவளுடைய ஒலிப்படைப்புக்கு முதல் பரிசு கொடுத்திருந்தார்கள். ஒரு சுவரில் மைக்கை ஒட்டி வைத்து, அதன் வழியே ஒரு வருடம் கேட்டதையெல்லாம் பதிவு செய்து, வெட்டிச் சுருக்கியிருந்தாள். சொற்களைச் சுவர் விழுங்கிவிட்டது. கூச்சலும் கெஞ்சலும் மட்டும் மிச்சம்.

"இது மனுஷனா, மிருகமா? தொண்டை கிழியக் கத்துறான். நடுவுல ஏதோ ஒரு பிள்ளை மன்னிப்புக் கேட்டுக் கெஞ்சுது. அப்பவும் விடாம ஏறி மிதிக்கிறான். என் கண்ணு முன்னாடி ஒரு வருஷமா இது நடந்திருக்கு. ஒருத்தராவது வந்து என்கிட்ட சொன்னீங்களா?"

"கேட்டுக் கேட்டுப் பழகிடுச்சு மேடம்."

"பழகிடுச்சா? இதுக்கெல்லாமா பழகுவாங்க? பேரைச் சொல்லு."

"பேர் வேண்டாம் மேடம். படைப்புக்கு அது தேவையில்ல."

"எனக்குத் தேவை. சொல்லலைன்னா இது நாளைக்குக் கண்காட்சியில இருக்காது. இப்பவே கழட்டச் சொல்லிடுவேன்."

மாணவிக்குக் கண் கலங்கியது. "ஒரு வருஷ உழைப்பு மேடம்."

"அப்போ வாயைத் திற. எதுக்கு இப்படி நடுங்குறே? நான் இருக்கேன்ல?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டி மறுத்தாள்.

டீனுக்கு ரத்தம் தலைக்கேறியது. இவள் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அந்தக் கட்டடத்தில் அப்படிப்பட்ட தொண்டை ஒருவருக்குத்தான். வேதியியல் பேராசிரியர். அவர் தும்மினால் கண்ணாடிக் குடுவைகள் ஆடும் என்பார்கள். மாணவர்கள் வைத்த பெயர் இடி.

டீன் ஃபோனை எடுத்தார். "உடனே மேல வாங்க."

இடி மூச்சு வாங்க வந்து நின்றார். அமிலம் பட்டுப் பழுத்த வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"உட்கார வேண்டாம். இதைக் கேளுங்க."

அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் முகம் சுண்டிப்போயிற்று. டீன் அதைக் கவனித்தார். ஆள் அகப்பட்டுவிட்டார்.

"பாட்டு இனிமையா இருக்கா? நாளைக்கு உங்களுக்குச் சிறந்த ஆய்வாளர் விருது வேற. அதை நிறுத்துறேன். மேடைப் பக்கமே வராதீங்க. படிச்சவங்க பேசுற பேச்சா இது? எதிர்ல நிக்கிறது உயிரா, கல்லான்னு பார்க்க வேண்டாம்? என்ன, வாயில பூட்டா?"

இடி ஹெட்போனைக் கழற்றிப் பதமாக மேசையில் வைத்தார். அவர் குரல் பக்கத்தில் இருந்தவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"இதுல கத்துறது நான் இல்ல மேடம். மன்னிப்புக் கேக்குறதுதான் நான்."

டீன் ஒரு நொடி திகைத்தார். அடுத்த நொடி கோபம் இரட்டிப்பாயிற்று.

"உங்களையா? ஒரு பேராசிரியரையா? உங்களையே நிக்க வெச்சுப் பேச இங்க எவனுக்குத் தைரியம்?"

இடி மாணவியைப் பார்த்தார். மாணவி இடியைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் என்ன ஊமை நாடகம் போடுறீங்க? சரி, பேர் சொல்ல வேண்டாம். மைக்கை எந்தச் சுவர்ல ஒட்டினே? அதையாவது காட்டு."

மாணவி மெல்லக் கையை உயர்த்தி, டீனின் நாற்காலிக்குப் பின்னால் இருந்த சுவரைக் காட்டினாள்.