கூப்பிடாத விருந்தாளி

“மேடம், வந்துட்டான்!”

டிசைனர் கத்திய கத்தலில் மேஜர் கையிலிருந்த காபி மேசையில் சிந்தியது.

மேஜர் என்றால் பட்டாளத்து மேஜர் இல்லை. ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டிலும் அலமாரியும் செய்து கொடுக்கும் கம்பெனியில் கொட்டேஷன் பிரிவுத் தலைவி. அவள் போடுகிற அதட்டலுக்கு அந்தப் பட்டப்பெயர்கூடக் கம்மிதான்.

கொட்டேஷனை நாலு பேர் சேர்ந்து எழுதுவார்கள். அவரவர் இடத்தில் உட்கார்ந்தபடி பிரவுசரில் ஒரே ஃபைலைத் திறந்து, ஆளுக்கொரு பக்கம் தட்டுவார்கள். யார் எங்கே எழுதுகிறார்களோ, அங்கே அவர் பெயர் கலர் கலராக ஓடும். திரையின் மூலையில் ஆளுக்கு ஒன்றாக நாலு வட்டம் இருக்கும்.

கொஞ்ச நாளாக அஞ்சாவதாக ஒரு வட்டம். சாம்பல் நிறம். ‘விருந்தாளி’ என்று பெயர் காட்டும். மத்தியானத்துக்கு மேல் வருவான். ஒரு எழுத்துத் தட்ட மாட்டான். சும்மா பார்த்துக்கொண்டே இருப்பான்.

“நம்ம விலையை எவனோ நோகாம படிச்சுக்கிட்டு இருக்கான்” என்று மேஜர் பல்லைக் கடித்தாள். “போன கொட்டேஷன் கை நழுவினது எப்படின்னு இப்பல்ல புரியுது!”

அவள் பார்வை போய் நின்ற இடம், புதுசு. வேலைக்குச் சேர்ந்து மாசக்கணக்கில் ஆகியும் அவனுக்கு அந்தப் பெயர் போகவில்லை. இதற்கு முன்னால் வேலை பார்த்தது போட்டிக் கம்பெனியில். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

“லிங்க்கை யாருக்குப்பா அனுப்பினே?”

“சத்தியமா யாருக்கும் அனுப்பலை மேடம்.”

“பழைய இடத்துப் பாசம் இன்னும் விடலையோ?”

“வீட்டுல கைக்குழந்தை இருக்கு மேடம். இந்த வேலையை விட்டா எனக்கு வேற கதி இல்லை. நான் போய் இப்படி...” அவனுக்குக் குரல் உடைந்துவிட்டது.

கணக்குப் பார்க்கும் பெரியவர் மெல்ல வாயைத் திறந்தார். “அவசரப்படாதீங்கம்மா. சரியா தெரியாம ஒருத்தர் பிழைப்புல கை வைக்கலாமா?”

“நீங்க சும்மா இருங்க சார். உங்களுக்கு உலகத்துல எல்லாருமே நல்லவங்கதான்!”

முதலாளிக்கு மெயில் அடித்தாயிற்று. ரகசியத்தை வெளியே விட்டவர் இவர்தான், உடனே நீக்கவும் என்று நறுக்கென்று ரெண்டே வரி. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

“அதுக்கு முன்னாடி இந்த விருந்தாளியை வாசலோட வழியனுப்பறேன்.”

ஃபைலை யார் யார் பார்க்கலாம் என்கிற அனுமதிப் பக்கத்தைத் திறந்தாள். ‘லிங்க் உள்ள எவரும்’ என்றிருந்தது.

“பாருங்க, சத்திரம் மாதிரி திறந்து கிடக்கு! எந்தப் புண்ணியவான் பண்ணின வேலை இது?”

வெளியாள் நுழைய முடியாதபடி பூட்டினாள். சாம்பல் வட்டம் பொசுக்கென்று மறைந்தது.

“போயிட்டான்! இப்ப எவன் யாருக்குப் போன் போட்டுப் புலம்பறான்னு பார்த்துடலாம்.” புதுசின் மேசையில் கிடந்த செல்போனையே முறைத்தாள்.

போன் அடித்தது. அவளுடைய போன்.

மாமியார்! அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் எதிராளிக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு பேசுவார். ஸ்பீக்கரே தேவையில்லை.

“அத்தை, முக்கியமான வேலையா இருக்கேன். அப்புறமா...”

“வச்சுடாதேம்மா! உனக்கு ஒண்ணும் இல்லையே?”

“எனக்கென்ன?”

“பின்னே உன் பேரு எங்கே போச்சு?”

“எந்தப் பேரு?”

“அதான்மா, என் டேப்லட்ல பச்சைக் கலர்ல ஓடிக்கிட்டே இருக்குமே! திடீர்னு எல்லாம் மறைஞ்சு, அனுமதி இல்லைன்னு வருது. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை.”

எல்லார் தலையும் மேஜர் பக்கம் திரும்பியது.

“உங்க... உங்க டேப்லட்ல அது எப்படி அத்தை?”

“நல்லா கேட்டே போ! லேப்டாப்புல சார்ஜ் இல்லைன்னு நீதானே அன்னைக்கு இதுல வேலை பார்த்தே? உள்ளே விட மாட்டேங்குது சனியன்னு திட்டிக்கிட்டே, யாரு வேணா பார்க்கற மாதிரி உன் போன்ல எதையோ மாத்தினியே! அப்புறம் மூடாம அப்படியே எழுந்து போயிட்டே.”

டிசைனர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேஜருக்கு முகமே செத்துவிட்டது. போனைக் காதில் வைத்தபடியே அந்த மெயிலை அழித்தாள். எழுந்து நேராகப் புதுசிடம் போனாள்.

“தப்பு என்னோடதுப்பா. உன்னை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மன்னிச்சுடு.”

அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள். மேஜர் மன்னிப்புக் கேட்டு அந்த ஆபீஸில் யாரும் பார்த்ததில்லை.

புதுசு கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். “பரவாயில்லை மேடம். முதல்ல அவங்ககிட்ட பேசுங்க. பாவம், பயந்துட்டாங்க.”

“அத்தை, அதுல வெறும் கட்டில் விலையும் அலமாரி விலையும்தானே இருக்கு? அதைப் போய் எதுக்குத் தினமும் உட்கார்ந்து பார்க்கறீங்க?”

“விலையை யாரு பார்த்தா? கட்டில் வாங்கி நான் என்ன பண்ணப் போறேன்? போன மாசம் நீ ஆபீஸ்ல மயங்கி விழுந்ததிலேர்ந்து எனக்கு இங்கே இருப்புக் கொள்ளலை. போன் பண்ணினா வேலைன்னு வச்சுடறே. அதான், உன் பேரு நகருதான்னு மட்டும் பார்த்துக்கிட்டு இருப்பேன். அது நகர்ந்துக்கிட்டே இருந்தா, என் பொண்ணு நல்லா இருக்கான்னு அர்த்தம்.”