அரை மணிக்குள் கீட்டோன்

நெடுந்தூர ஓட்டத்தில் ஓடுவது கால் அல்ல, கல்லீரல்தான் என்று சோபாவில் காலை நீட்டியபடி அப்பா அறிவித்தார்.

“நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடின உடம்புக்கு அரை மணிக்குள்ள கீட்டோன் போகணும். கல்லீரல் கொழுப்புலேர்ந்து செய்யுற எரிபொருள், இப்போ புட்டியிலயே வருது. வெந்நீர், கால் அமுக்குறது எல்லாம் கற்கால வைத்தியம்.”

மகள் அவர் முதுகுக்குத் தலையணை வைத்தாள். “நாளைக்குக் காலையில டியூட்டி இருக்கேப்பா. கால் தாங்குமா?”

“டான்ஸே ஆடலாம்.”

அவர் திறந்த புட்டியை அம்மா வாங்கி முகர்ந்தாள். “பெயின்ட் வாடை அடிக்குது. இதுல வலி போகும்னு யாருங்க சொன்னது?”

“புட்டியிலயே எழுதியிருக்கு.”

“எழுதினவன் ஓடினானாமா?”

“மூக்கைப் பிடிச்சிட்டு ஒரே மடக்கா குடி. உனக்காகத்தானே வாங்கினேன்.”

அம்மா குடித்தாள். குமட்டியது. துப்புவதற்கு எழப் பார்த்தாள், முடியவில்லை. கழுத்தில் கிடந்த ஓட்டப் பதக்கம் மேஜையில் இடித்ததுதான் மிச்சம்.

“நாளைக்கு வார்டுல எட்டு மணி நேரம் எப்படிங்க நிப்பேன்?” அம்மா கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா புட்டியில் எழுதியிருந்ததை இன்னொரு முறை படித்தார். பிறகு, காலையிலிருந்து ஓட்டத்தை வேடிக்கை பார்த்த களைப்பையும் மறந்து எழுந்துபோய், ஒரு வாளி வெந்நீரோடு வந்தார். தரையில் உட்கார்ந்து அம்மாவின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

மகள் வாயைத் திறந்தாள்.

“நீ போய்ப் படி” என்றார் அப்பா.