இருப்பு ஒன்று

“எங்க இருக்குன்னே தெரியாத பொருளை இருப்புல காட்டலாமா, தாயி?” என்று எங்கள் கிடங்குப் பொறுப்பாளர் மாசிலாமணி அண்ணாச்சி ஒருமுறை என்னிடம் கேட்டார்.

இருப்புப் பட்டியலின் முதல் வரி காலியாக இருந்தால் எங்கள் பழைய மென்பொருள் திறக்காது. அதனால் அண்ணாச்சி அதில் மகளின் பெயரை இட்டிருந்தார்: பூங்குயிலி, இருப்பு ஒன்று. அவள் வீட்டைவிட்டுப் போய் ஆறு வருடமாகியும் அந்த வரியை அழிக்கவில்லை. ‘இடம்’ என்ற கட்டத்தை மட்டும் காலியாக்கியிருந்தார்.

இன்று எல்லாக் கிடங்குகளையும் இணையத்தில் இணைக்கும் கிளவுடுக்கு மாறினோம். பன்னிரண்டு ஊர்க் கிடங்குகளும் ஒரே திரையில் விரிந்தன. எங்கோ யாரோ ஆணியும் தாழ்ப்பாளும் எடுக்க எடுக்க, இங்கே எண்கள் தாமாகவே குறைந்தன. நான் இமைக்க மறந்தேன்.

“நட்டு போல்ட்டுக்கு மேல மகளை ஏத்தி வச்சிருக்கீயளே!” என்று சிரித்தார் மென்பொருளை மாற்ற வந்த இன்ஜினியர் ஜெசிந்தா. “இடம் இல்லைன்னா புதுசு ஏத்துக்காது அண்ணாச்சி. அழிச்சிரவா?”

அண்ணாச்சி மெதுவாகச் சரியென்று தலையசைத்தார். அந்த நொடியில் காலிக் கட்டத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன: ஓசூர்.

“நான் போடலை,” என்றார் ஜெசிந்தா. “ஓசூர் கிடங்குல இருந்து யாரோ போடுதாங்க.”

அண்ணாச்சி சாவிக்கொத்தை என் பக்கம் நகர்த்தினார். செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தார்.