கூட்ஸ் வண்டி

அந்த ஒரு ஆளுக்காக மறுபடியும் எட்டுப் பேர் முழங்கையை ஊன்றி, உடம்பைப் பலகைபோல் விறைத்துக்கொண்டு கிடந்தார்கள். கடைசி ஆள் முடிக்கும்வரை யார் வயிறும் தரையில் படக் கூடாது. மாலை உடற்பயிற்சி வகுப்பில் மாஸ்டர் வைத்த சட்டம் அது.

“சீக்கிரம் சார்! தோள் கழண்டுடும் போல இருக்கு!” சலூன்காரர் தரையைப் பார்த்தபடியே கத்தினார்.

கூட்ஸ் வண்டி என்று எல்லாரும் பட்டப்பேர் வைத்திருந்த அந்த ஆள் அவசரப்படவில்லை. அவருக்கு ஐம்பது வயதிருக்கும். அரை டிரவுசருக்குக் கீழே, வலது முட்டியில் ஒரு நீளத் தழும்பு. தண்டால், கயிறு எல்லாம் முடிந்து, மரப்பெட்டி மேல் தாவும் கடைசிக் கட்டத்தில் இருந்தார். தாவி, நிமிர்ந்து நின்று, ஒவ்வொரு காலாக இறங்கி, “நாற்பது” என்றார்.

விசில் ஊதியதும் எட்டு உடம்புகளும் தொப்பென்று ரப்பர் பாயில் விழுந்தன.

எல்லாரையும்விட லைப்ரரிக்காரிக்குத்தான் ஆத்திரம் அதிகம். தினமும் அவள் தாவி முடித்து, முழங்கையை ஊன்றி, ஒரு மூச்சு விடுவதற்குள் அவரும் முடித்துவிடுவார். அந்த ஐந்து விநாடியைக்கூட அவளால் பொறுக்க முடியவில்லை.

மாஸ்டர் பலகையில் அன்றைய நேரத்தை எழுதினார்: பதினாறு நிமிஷம் பத்து விநாடி. பலகையின் உச்சியில் மஞ்சள் சாக்பீஸில் ஏழு நிமிஷம் நாற்பது விநாடி என்று இருந்தது. பக்கத்தில் போன மாதத் தேதி, பேர் இல்லை. இதே பயிற்சியைக் காலை வகுப்பில் யாரோ ஒரு ஆள் முடித்த நேரம் என்று பேச்சு.

“பாருங்க மாஸ்டர், அங்க ஏழு, இங்க பதினாறு,” என்றார் சலூன்காரர். “கூட்ஸ் வண்டி போற வரைக்கும் கேட்லயே நிக்கணும்னு எங்களுக்கென்ன தலையெழுத்தா? நாளைக்கும் இந்தக் கூத்துன்னா நாங்க வேற எடம் பாத்துக்கறோம்.”

லைப்ரரிக்காரிக்குப் பகீரென்றது. இரண்டு மாதத்துக்கு முன்னால் இருநூற்று எண்பதில் இருந்த சர்க்கரை, இந்த வகுப்பால்தான் நூற்று எழுபதுக்கு இறங்கியிருந்தது. ‘மாசக் கடைசி வரைக்கும் பாப்போம், இன்னும் குறையலைன்னா ஊசிதான்’ என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவர்கள் போனால் வகுப்பு கலையும். வகுப்பு கலைந்தால் தினமும் ஊசி.

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த கூட்ஸ் வண்டியிடம் விறுவிறுவென்று போனாள்.

“ஏன் சார், வயசுக்கு ஏத்த மாதிரி பார்க்ல... நாலு சுத்து நடந்துட்டுப் போக வேண்டியதுதானே? எதுக்கு... எங்க உசிர வாங்கறீங்க?” இரண்டு இடத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

அவர் பாட்டிலை மூடிவிட்டு ஒரே மூச்சில் பேசினார். “கோவப்படாதீங்கம்மா. கடைசி ஆள எல்லாரும் வெரட்டுவாங்க. வெரட்டுனா அவசரம் வரும், அவசரத்துலதான் முட்டி போகும். நீங்க நிதானமா தாவுங்க. பின்னாடி நான் இருக்கேன்ல?”

“அதான் சார் பிரச்சினையே! பின்னாடி நீங்க இருக்கறதுதான்!”

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தந்த தைரியத்தில், அங்கேயே உட்கார்ந்து, அவரை வகுப்பைவிட்டு அனுப்பச் சொல்லி மாஸ்டருக்கு ஒரு கடிதம் எழுதினாள். அவள் கையெழுத்துக்குக் கீழே ஏழு கையெழுத்து விழுந்தது.

மாஸ்டர் அதை இரண்டு தடவை படித்தார். “இவர அனுப்பிட்டா எல்லாம் சரியாயிடுமா?”

“நாளைக்கே பாருங்க மாஸ்டர்!”

மாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கூட்ஸ் வண்டி அவர் தோளைத் தட்டி, வேண்டாம் என்று தலையசைத்தார். துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கதவுவரை போனவர், லைப்ரரிக்காரியைத் திரும்பிப் பார்த்தார்.

“பெட்டியிலேருந்து எறங்கறப்ப குதிக்காதீங்கம்மா. கால் வச்சு எறங்குங்க.”

“மொதல்ல உங்க கால பாருங்க சார்.”

மறுநாள் எட்டே பேர். லைப்ரரிக்காரி இருபத்தெட்டு என்று எண்ணியபோது, மற்ற ஏழு பேரும் முழங்கையை ஊன்றிவிட்டார்கள். பின்னால் காலடிச் சத்தம் இல்லை. ஏழு முகங்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

“என்ன மேடம், தூக்கமா?”

“சீக்கிரம்மா! தோள் போகுது!”

“அட, புது கூட்ஸ் வண்டிடா!”

அவள் முகம் கொதித்தது. கால் வைத்து இறங்க நேரமில்லை. குதித்து இறங்கினாள், தாவினாள், குதித்து இறங்கினாள். முப்பத்து மூன்று. முப்பத்து நாலு. “வேகமா! வேகமா!” முப்பத்தைந்தில் குதிகால் பாயின் ஓரத்தில் வழுக்கியது. முட்டிக்குள் ஏதோ இடம் மாறியது. அவள் அலறியபடி சரிந்தாள்.

சலூன்காரர்தான் முதலில் எழுந்தார். “சே, இன்னிக்கும் முடிக்கல,” என்று தோளைத் தேய்த்துக்கொண்டார்.

மாஸ்டர் ஐஸ் பையை வைத்து அழுத்தினார். முட்டி அதற்குள் பன் மாதிரி வீங்கியிருந்தது. “ரெண்டு மாசம் ஆகலாம்,” என்றார். அவளுக்கு ஊசி ஞாபகம் வந்தது.

“எல்லாம் அந்த மனுஷன் கண்ணு!” பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். “தன்னால முடியலைன்னு வயித்தெரிச்சல். போறப்ப என் காலப் பாத்துட்டே போனாரு!”

மாஸ்டர் முட்டிக்குக் கட்டுப் போட்டு முடித்தார். பிறகு நிமிர்ந்து பலகையின் உச்சியைப் பார்த்தார்.

“அந்த ஏழு நாற்பது அவரோடதும்மா.”